பேஸ்மென்ட்னா கீழ்த்தளம் இல்லீங்க: எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் தெரியவேண்டிய வார்த்தைகள்

போன வருஷம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். பாபநாசம் பக்கத்தில், எங்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டுக்கான எஸ்டிமேட். ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். சென்னையில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே ‘பேஸ்மென்ட் - 3 அடி’ என்று இருந்தது. உடனே போன் போட்டு, “மூணடி பேஸ்மென்ட்ல எப்படிப்பா பைக் நிறுத்துறது?” என்று கேட்டேன்.

அப்பா சிரித்துவிட்டார். “அது பூமிக்குக் கீழ இல்லம்மா. மழைத்தண்ணி உள்ள வராம வீட்டைத் தூக்கிக் கட்டுறோம்ல, அதுதான் பேஸ்மென்ட்.”

இன்ஜினீயரிங் புத்தகத்தில் அதற்குப் பெயர் பிளிந்த். சென்னை மாலில் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குப் பெயர்தான் பேஸ்மென்ட். நம்ம ஊர் சைட்டில் அந்த வார்த்தை எப்போதோ தரைக்கு மேலே ஏறிவிட்டது.

சிரிப்பு அதோடு முடியவில்லை. பேஸ்மென்ட் எழும்பியதும் அப்பா டேப் பிடித்துப் பார்த்தார். ரோட்டிலிருந்து ஒன்றரை அடிதான் உயரம். மேஸ்திரி அசரவில்லை. “மூணடி சரியா இருக்குங்கய்யா, மனைத் தரையிலேர்ந்து அளந்து பாருங்க” என்றார். அளந்தால், சரியாகத்தான் இருந்தது. முன்பு வயலாக இருந்த மனை அது, ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். எஸ்டிமேட்டில் ‘தரை மட்டம்’ என்று இருந்ததை அப்பா ரோடு என்று புரிந்துகொண்டார், அவர் மனை என்று புரிந்துகொண்டார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் கூடுதல் செங்கல், கூடுதல் மண், கூடுதல் கூலி எல்லாம் அப்பா தலையில்தான் விழுந்தது.

டெல்டாவில் வீடு கட்டும் பலருக்கும் இது நடக்கும். அதனால்தான் சொல்கிறேன்: டைல்ஸ் கலரைத் தேர்வு செய்யும் முன், எஸ்டிமேட்டில் இருக்கும் வார்த்தைகளை உட்கார்ந்து பேசி முடியுங்கள். அதையும் தமிழில் எழுதி வாங்குங்கள்.

ஒரே வீடு, மூன்று மொழி

வகுப்பறையில் அது ‘கற்காரை’. சைட்டில் ‘காங்கிரீட்டு’. எஸ்டிமேட்டில் ‘ஆர்சிசி எம்20’. மூன்றும் ஒரே பொருள்தான், ஆனால் பணம் கொடுப்பவருக்கு முழுசாகப் புரிவது நடுவில் இருப்பது மட்டும்தான். அவர் கையெழுத்துப் போடுவதோ மூன்றாவதில். எம்20 என்றால் 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கலவை. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு இதுதான் குறைந்தபட்சத் தரம் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. வழக்கமான கைக்கலவையில் சொன்னால் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இப்படிச் சொன்னால் யாருக்குப் புரியாது?

சொந்த மனையில் சொந்தக் குடியிருப்புக்குக் கட்டும் வீட்டுக்கு ரெரா பதிவு கிடையாது. பிரச்சினை என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்த எஸ்டிமேட்டும் ஒப்பந்தமும்தான். அதில் இருக்கும் வார்த்தை நமக்கே புரியவில்லை என்றால், நுகர்வோர் நீதிமன்றத்தில் எதை வைத்துப் பேசுவது?

நாலு வார்த்தை, நாலு கேள்வி

பேஸ்மென்ட்: எத்தனை அடி என்று மட்டும் கேட்காதீர்கள், ‘எங்கிருந்து’ என்று கேளுங்கள். ரோடும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை. இன்னொன்று, பேஸ்மென்ட்டுக்குள் என்ன மண் கொட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். நம்ம வயல் களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அதையே உள்ளே கொட்டினால் தரை வெடிக்கும்.

யூனிட்: 100 கன அடி ஒரு யூனிட். லாரி பாடிக்குள் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரம் என்றால் 3 யூனிட். எம்-சாண்ட் 4 அடி உயரம்தான் நிற்கிறது என்றால் 2.4 யூனிட். ‘ஒரு லோடு’ என்று பேசி முடித்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற தஞ்சாவூர்க் கணக்கில் எங்கள் தாத்தாவை ஒரு குழி ஏமாற்ற முடியாது. அதே தாத்தா லாரி முன்னால் பேசாமல் நிற்கிறார்.

கவர்: கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. வழக்கமாக அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டர், தூணில் 40, ரூஃபில் 20. இதற்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கிறார்கள். அது இல்லாமல் உடைந்த ஜல்லியைச் செருகினால், கம்பி வெளிப்பக்கம் இறங்கி, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். சில வருஷத்தில் ‘காரை பெயர்ந்திருச்சு’ என்பீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம்.

தண்ணி கட்டுறது: எஸ்டிமேட்டில் ‘கியூரிங்’ என்று இருக்கும். ரூஃப் போட்ட மறுநாள் மேலே ஏறிப் பாருங்கள். கலவையால் வரப்புப் போட்டு, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். வயலில் இருந்து மாடிக்கு ஏறிய வார்த்தை இது, டெல்டாக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் என்கிறது அதே ஐ.எஸ். 456. மூட்டையில் எந்த சிமெண்ட் என்று பார்த்துவிட்டு நாளை எண்ணுங்கள்.

சைட்டுக்கு வராத கலைச்சொல்

‘எல்லாத்தையும் தூய தமிழில் மாத்தணும்’ என்று நான் சொல்ல வரவில்லை. ஜன்னலும் மேஸ்திரியும் போர்ச்சுகீசிய வழியாக வந்த வார்த்தைகள். யாருக்கும் உறுத்தவில்லை. இன்னொரு பக்கம் மூலமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, கரணை எல்லாம் இன்னும் கொத்தனார் கையிலேயே இருக்கின்றன. வேலைக்கு உதவும் வார்த்தையை சைட் வைத்துக்கொள்கிறது, அது எங்கிருந்து வந்தாலும் சரி.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதம், சேர்க்கை குறைவு என்று உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. வேலை கிடைக்குமா என்ற பயம் முக்கியக் காரணம்தான். ஆனால் என் பார்வையில் இன்னொன்றும் உண்டு. வகுப்பில் படித்த சொல் எஸ்டிமேட்டிலும் இல்லை, சைட்டிலும் இல்லை என்றால் அதைப் படிப்பவருக்கு என்ன பிடிப்பு இருக்கும்?

தஞ்சாவூரிலேயே, 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கலைச்சொல் வேலையை நூலகத்தில் ஆரம்பிக்காமல், காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் கொத்தனார்களிடமும் சித்தாள்களிடமும் ஆரம்பிக்கலாம். அவர்கள் சொல்லும் வார்த்தை, பக்கத்தில் எண், பக்கத்தில் ஒரு படம். இவ்வளவு போதும்.

அரசும் இதைச் செய்யலாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. குடிசையில் இருந்து மாறும் ஒரு குடும்பத்துக்கு அந்த வீட்டை இடித்துத் திரும்பக் கட்ட இன்னொரு 3.5 லட்சம் கிடையாது. உத்தரவு கொடுக்கும்போதே, மேலே சொன்ன மாதிரி ஒரு பக்கத் தாளும் கொடுத்தால் என்ன?

தை மாசம் சித்தப்பா வீட்டு வேலை ஆரம்பிக்கிறது, எங்கள் வீட்டுக்கு நாலு மனை தள்ளி. அவருடைய எஸ்டிமேட்டை நானும் அப்பாவும் மேஸ்திரியும் உட்கார்ந்து தமிழில் எழுதினோம். அரை நாள் ஆனது. முதல் வரி இது: ‘பேஸ்மென்ட் உயரம், வாசலில் இருக்கும் தார் ரோட்டின் மேல்மட்டத்திலிருந்து 3 அடி.’ படித்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: “இப்படி எழுதிட்டா எனக்கும் நல்லதுதாம்மா. பின்னாடி பேச்சு வாங்க வேண்டாம்.”