‘தைரியமா இரும்மா’ போதாது

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு வந்த பெண்ணின் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுகிறார்கள். “ஒண்ணும் இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை பாத்துருங்க. தைரியமா இருங்க” என்று அனுப்பிவைக்கிறார்கள். இதற்குப் பரிவு என்று பெயர். ஒன்றுமில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரி எதற்கு? போய்த்தான் ஆகவேண்டும் என்றால் எப்படி ஒன்றுமில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே அவள் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அதையும் பார்த்துவிட்டு, “பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்” என்கிறோம்.

அந்தப் பயத்தை அவள் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. நாம்தான் அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடமுண்டு. அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறை கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்களைக் குறைக்கும் என்று காட்டிய ஆய்வு திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடம் நடந்தது; 2007இல் வெளியானது. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மாநிலங்களில் நாம்தான் முதலிடம். அப்படியும் பத்தில் ஒருத்திகூட இல்லை. வந்த அந்த ஒருத்தியிடமும் நாம் பேசுவதில்லை.

பேசினால் என்ன சொல்ல வேண்டும்? முதலில், இது சல்லடை, தீர்ப்பல்ல. அமிலம் தடவி ஒரு நிமிடத்தில் வெண்திட்டு தெரிந்தால் அது புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருக்கலாம். சாதாரண அழற்சியாகவும் இருக்கலாம். எது என்று தெரியத்தான் அடுத்த சோதனை. ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளில்லை. உடலுறவு வாழ்க்கையுள்ள பெரும்பாலோருக்கு எப்போதாவது தொற்றும் கிருமி அது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். ஆபத்தான வகை விடாமல் தங்கினால்தான் சிக்கல். அப்போதும் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாகச் சிகிச்சை பெறாத ஹெச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு, இது வேகமாக நடக்கலாம்.

கால்போஸ்கோப்பி என்ற பெயர்தான் பெரிது. கருவி உள்ளே போவதில்லை. ஸ்பெகுலம் வைத்து, வெளியிலிருந்தே உருப்பெருக்கியால் கருப்பைவாயைப் பார்க்கிறார்கள். சந்தேகமான இடமிருந்தால் கடுகளவு சதையை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று கிள்ளியது போலிருக்கும், ஓரிரு நாள் லேசாக உதிரம் படலாம். புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியானால், பெரும்பாலோருக்கு அந்த இடத்தை மட்டும் சூட்டாலோ குளிராலோ அழிக்கலாம், அல்லது கம்பி வளையத்தால் எடுத்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த சோதனைக்குப் போகாமல் விட்டால் இந்த வாய்ப்பு கைநழுவும். உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தம் பட்டால் கொடுத்த தேதிவரை காத்திருக்கவே கூடாது.

இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். சொல்லாததற்குக் காரணம் நேரமின்மை மட்டுமல்ல. “சொன்னா புரியாது, பயந்துருவாங்க” என்ற நினைப்பும்தான். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இரண்டு சாட்சிகள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், தேசிய மகளிர் மருத்துவமனையில், 1966 முதல் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், புற்றுக்கு முந்தைய மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று நிறுவ விரும்பி, பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் கவனித்துவந்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சிலருக்குப் புற்றுநோய் வந்தது, சிலர் இறந்தார்கள். 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்ணியவாதிகள் எழுதிய கட்டுரைதான் நீதி விசாரணைக்கு வழிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போன கரும்பு வெட்டும் பெண்களிடம் ‘புற்றுநோய் வந்துவிடும்’ என்று சொல்லியே தனியார் மருத்துவர்கள் கர்ப்பப்பையை அகற்றியது 2019இல் நாடறிந்த செய்தியானது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் தேவையான சிகிச்சையைக் கொடுக்கவில்லை. இன்னோரிடத்தில் தேவையில்லாததைச் செய்தார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரியாத பயம் அவளைக் காப்பாற்றுவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் காசாக்கலாம்.

பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. ‘இது எங்கேருந்து வந்துச்சு?’ என்ற கேள்வி. மாமியார் கேட்பாள், கணவன் கேட்பான், கேட்காதவனும் பார்வையால் கேட்பான். சோதனை முடிவு அவள் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது. உண்மையில் இந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடலில் தங்கக்கூடியது. இன்றைய பாசிட்டிவை வைத்து யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அதைச் சுமந்து வந்தவனாக இருக்கக்கூடிய ஆணுக்கு வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் அவனுக்கு இருக்கிறது.

இதையெல்லாம் சுமந்துகொண்டு, ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி அவள் போகவேண்டும். போகாவிட்டால் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரு வரி. அவளிடம் யாரும் வரவில்லை என்பதை எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

மனதை ஒருமுகப்படுத்து, நல்லதையே நினை என்கிறார்கள் ஆலோசகர்கள். மூச்சை இழுத்து விடுவது ஓர் இரவைக் கடக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் பயாப்ஸி முடிவு என்றைக்கு வரும் என்ற கேள்விக்கு மூச்சுப் பயிற்சியில் பதிலில்லை. நமக்கு வேண்டியது வேறு. முடிவு தமிழில், அவள் கையில், எழுத்தில் வேண்டும். வராந்தாவில் பெயர் சொல்லிக் கூவக் கூடாது. அவளைக் கேட்காமல் கணவனிடம் சொல்லக் கூடாது. அடுத்து எங்கே, எந்தத் தேதியில், யாரைப் பார்ப்பது, சந்தேகமென்றால் எந்த எண்ணில் கூப்பிடுவது என்று அதே தாளில் இருக்க வேண்டும். பிரசவ அறையில் உடனிருக்கத் துணைப்பெண்ணை நம் அரசு மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. கால்போஸ்கோப்பி அறையில் மட்டும் அவள் ஏன் தனியே கால் விரித்துக் கிடக்க வேண்டும்?

இதெல்லாம் வரும்வரை நாமே கேட்போம். என்ன தெரிந்தது? அதன் பெயர் என்ன? சிகிச்சை வேண்டுமா, காத்திருந்து பார்க்கலாமா? எத்தனை மாதம்? கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், பயாப்ஸி முடிவைக் காட்டுங்கள், இன்னொரு மருத்துவரிடமும் கேட்கிறேன் என்போம். தனியாகப் போகாமல் அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போவோம். கேட்கத் தயங்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக நாம் போவோம்.

பயம் முழுதாகப் போய்விடாது. ஆனால் எதற்குப் பயப்படுகிறோம், எதுவரை, அடுத்து என்ன என்று தெரிந்தால் அந்தப் பயத்தோடு பஸ் ஏற முடியும். தைரியம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பரிசோதனைக்கு வந்ததே அதனால்தான். தகவலைக் கொடுங்கள்.