வளர்ப்பு முயலுக்கு நுண்சில்லு வேண்டுமா?

நாய்க்கும் பூனைக்கும் பொருத்தப்படும் மைக்ரோசிப்பை முயலுக்கும் பொருத்தலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள்தாம் வருகின்றன. ‘பொருத்திவிட்டால் தொலையாது’ என்பது ஒன்று. ‘கூண்டுக்குள் கிடக்கும் பிராணிக்கு அது எதற்கு’ என்பது மற்றொன்று. இரண்டுமே அந்தச் சில்லு என்ன செய்கிறது என்பதைக் கவனியாமல் சொல்லப்படுபவை.

சில்லு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கண்ணாடிக் குப்பி. பார்வைக்கு ஓர் அரிசிமணி. அதில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியைச் சில சென்டிமீட்டர் தொலைவில் கொண்டுவந்தால், அக்கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று ஒரு 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவே அதன் வேலை. முயல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதனுள் இல்லை. அவை வேறெங்கோ ஒரு பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். பெங்களூருவின் ஓர் அடுக்ககத் தோட்டத்தில் ஒரு வெள்ளை முயல் தனியே திரிவதை ஒருவர் காண்கிறார் என்று கொள்வோம். நாய்களும் பருந்தும் அதற்குள் அதை விட்டுவைத்திருக்க வேண்டும். கண்டவர் அதைப் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே படிப்பான் இருக்க வேண்டும். முயலுக்கும் சில்லு இருக்கக்கூடும் என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். எண் கிடைத்த பின்னரும், அது எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். 15 இலக்கங்களில் முதல் மூன்று ஒரு நாட்டையோ சில்லைத் தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். இந்தியாவுக்குரிய எண் 356. ஆனால் அந்த மூன்று இலக்கங்கள் ஒருவரையும் உரிமையாளரின் வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்வதில்லை. இத்தனை கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும், முயலின் தோலுக்கடியில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

இதே நாட்டில் மாடுகளின் காதில் தொங்கும் 12 இலக்க மஞ்சள் வில்லை பயன்படுகிறதே என்று கேட்கலாம். தடுப்பூசி, சினையூட்டல், காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணை யாராவது கேட்கிறார்கள். அதனால் அது உயிரோடு இருக்கிறது. முயலின் எண்ணைக் கேட்பவர் இந்தியாவில் இன்று எவருமில்லை. நாய்களுக்குச் சில மாநகராட்சிகள் சில்லைக் கட்டாயமாக்கத் தொடங்கியிருப்பதால், படிப்பான்களேனும் பெருகும் என்று எதிர்பார்க்கலாம். அதன் பயன் முயலுக்கும் ஒருநாள் வந்து சேரலாம்.

இனி உடலைப் பார்ப்போம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் சில்லைச் செலுத்தும் ஊசி, வழக்கமான தடுப்பூசியின் ஊசியைவிடப் பருமனானது. நாய்க்கு அது ஒரு நொடி வலி. முயலோ இரையாகப் பிறந்த விலங்கு; பிடித்து அழுத்துவதையே அது தன் முடிவாக எண்ணும். சரியாகப் பிடிக்கப்படாத முயல் பின்னங்கால்களை உதறும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வதுண்டு. அச்சம் மிகுந்தால் இரையெடுப்பதை நிறுத்தும். அதைத் தொடர்ந்து குடலியக்கம் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. பழகிய கைகளில் இந்த இடர் சிறிதே. ஆனால் நாயையும் மாட்டையும் மட்டுமே நாள்தோறும் பார்க்கும் மருத்துவமனையில் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஆய்வக எலிகளில் சில்லைச் சுற்றிக் கட்டிகள் தோன்றியதாக வந்த முடிவுகளை முன்வைத்து அஞ்சுவோரும் உண்டு. நாய், பூனைகளில் அது மிக அரிது. முடிவெடுக்கையில் கட்டியைவிடப் பிடிமானமே பெரிய கவலையாக இருக்க வேண்டும்.

மயக்கம் கொடுத்துப் பொருத்தலாமே என்றால் அதிலும் கணக்கு உண்டு. பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. ஒரு சில்லுக்காக மட்டும் ஏற்கத்தக்க எண்ணிக்கை அன்று இது. கருத்தடைக்காக எப்படியும் மயக்கம் கொடுக்கவிருந்தால் நிலைமை வேறு. கருத்தடை செய்யாத பெண் முயல்களில் வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகுதி என்பதால் அந்த அறுவைக்குத் தனி நியாயம் இருக்கிறது. அதே மேசையில் சில்லையும் பொருத்தினால் கூடுதல் துன்பம் ஏறத்தாழ இல்லை. ஒரே நிறத்தில் பல வெள்ளை முயல்களை வைத்திருப்போருக்கும், கைவிடப்பட்டவற்றை மீட்டுப் பிறரிடம் ஒப்படைப்போருக்கும் சில்லு உண்மையாகவே உதவும். எந்த முயலுக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற குழப்பம் அங்கே நாள்தோறும் எழுவது. காதில் பச்சை குத்தும் பழைய பண்ணை முறையை விடவும் இது மேல். பச்சை மங்கும், சில்லின் எண் மங்காது. ஒற்றை முயலை வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு இப்போதைக்கு அவசரமில்லை. அவர் செலவிட வேண்டியது மாடிக் கம்பிகளின் இடைவெளியை அடைக்கும் வலைக்கும், கூண்டின் நல்ல தாழ்ப்பாளுக்கும்.

சில்லைப் பற்றிய பேச்சு உரிமையாளரைச் சுற்றியே நடப்பதுதான் பெரிய குறை. இந்தியாவில் வளர்ப்பு முயல் தொலைவதைவிடக் கைவிடப்படுவதைப் பற்றியே அதிகம் பேச வேண்டும். பிறந்தநாள் பரிசாகக் குட்டியாக வீட்டுக்கு வருகிறது, மின்கம்பியைக் கடிக்கிறது, எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடியது என்று பின்னர்தான் தெரிகிறது. உடனே பூங்காவிலோ புதர்க்காட்டிலோ ‘இயற்கையோடு சேரட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் முயல் என்றே பெயர் வழங்குவதும் இந்த மயக்கத்துக்கு ஒரு துணை போலும். நம் காட்டு முயல் வேறு பேரினம்; மயிரோடும் திறந்த கண்களோடும் பிறந்து வெட்டவெளியில் ஓடி வாழ்வது. கடையில் விற்கப்படுவது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. கண் மூடி, மயிரின்றிப் பிறப்பது. பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்ந்த அந்த வெள்ளை உடல் இந்தியப் புதரில் சில நாள் தாங்கினாலே அரிது.

ஆகவே எண் யாரைப் பிணைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான 2017ஆம் ஆண்டு விதிகள் சில்லைப் பற்றிப் பேசுகின்றன. செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் முயலைப் பெயர் சொல்லியே தம் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். விற்பவரே தம் செலவில் சில்லைப் பொருத்தி, வாங்குபவர் பெயரில் பதிவு செய்துதான் முயலைக் கொடுக்க வேண்டும் என்று அவ்விதிகளில் ஒரு வரி சேர்ந்தால், கைவிடப்பட்ட முயலின் பின்னால் ஒரு பெயர் இருக்கும். பல சந்தைகளில் சில்லின் செலவு முயலின் விலையை எட்டும், சில வேளை மிஞ்சும். அதனால் விலை ஏறும் என்பது விற்பவரின் முறையீடாக இருக்கும். ஏறட்டும். விளையாட்டுப் பொம்மையின் விலைக்குக் கிடைப்பதால்தானே முயல் பொம்மையாக வாங்கப்படுகிறது.

கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையிலும் மும்பையின் கிராஃபோர்ட் சந்தையிலும் இவ்விதி எந்த அளவுக்குச் செல்லும் என்ற ஐயம் நியாயமானதே. தெருவோரக் கூடையில் விற்பவரை எந்தப் பதிவேடும் எளிதில் எட்டாது. பதிவு பெற்ற கடைகளில் தொடங்குவதற்கு அது தடையாக வேண்டியதில்லை.

அதுவரை, கருத்தடை மேசையில் சில்லைப் பொருத்தத் தீர்மானிப்பவர் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: இங்கே படிப்பான் இருக்கிறதா, எண் எந்தப் பதிவேட்டில் ஏறும், வீடோ தொலைபேசி எண்ணோ மாறினால் அதைத் திருத்துபவர் யார். மூன்றாவதற்கு விடை கிடைக்கவில்லையென்றால் சில்லைப் பொருத்தாமல் கருத்தடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.