ஸ்கேனரில் முகமா? சில ஆட்சேபங்களுக்குப் பதில்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடைப்பட்ட லாயாங் லாயாங்கில், ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு காரியம் செய்து வருகிறோம். பழசாகிவிட்டதென்று கழித்துக்கட்டப்பட்ட ஒரு ஸ்கேனர் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதன் கண்ணாடிமேல் லயத்து மக்களின் கைகளையும் முகங்களையும் வைத்துப் படம் எடுக்கிறோம். காமிரா இதில் சம்பந்தப்படுவதேயில்லை. இந்தச் சிறு காரியத்திற்காக நமக்குக் கிடைத்த வசைமொழிகளோ கொஞ்சமல்ல. அவற்றில் நியாயமிருந்தால் ஒப்புக்கொள்வதும், இல்லாவிட்டால் இல்லையென்று சொல்லுவதும் நம் கடமையாகையால் இதை எழுதலானோம்.

சொல்லப்படும் ஆட்சேபங்கள் மூன்று. ஒன்று, ஸ்கேனர் காகிதத்துக்கென்று ஏற்பட்ட யந்திரம், மனிதனுக்கு ஏற்பட்டதல்ல என்பது. இரண்டு, அதில் வரும் முகம் விகாரமாகவும் பிணம்போலவும் இருக்கிறதென்பது. மூன்று, உயிரோடிருப்பவரை இப்படி யந்திரம் வருடினால் ஆயுள் குறையுமென்பது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். இதே வார்த்தையைக் காமிராவைப் பார்த்தும் நம் முன்னோர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கலியாண வீட்டில் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டும் நன்றாகவே இருக்கிறார்கள். ஸ்கேனரில் இருப்பது வெறும் விளக்கு. கூச்சமாயிருக்கும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டால் போதும். ஆயுளைக் குறைப்பவை எவையென்று கள்ளுக்கடையையும் சீனிவியாதியையும் கேட்டால் அவை சொல்லும்.

நிற்க, காகிதத்துக்கு ஏற்பட்ட யந்திரம் என்று சொல்லுபவர்கள் பெரும்பாலும் படித்தவர்களாகையால், அவர்களுக்குச் சரித்திரத்தைக் கொண்டே பதில் சொல்லுவோம். 1957-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத் தர நிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு படத்தை வருடிக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தும் உருளை யந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதில் முதன்முதல் வைக்கப்பட்டது கணக்கேடா, கடிதமா? இரண்டுமில்லை. வால்டன் என்னும் தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தையே கிர்ஷ் வைத்தார். 176-க்கு 176 புள்ளிகளில், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சதுரத்தில், அந்தக் குழந்தையின் முகம் வந்தது. ஆகவே, இந்த யந்திரக் குடும்பம் பிறந்த நாளிலேயே மனித முகத்தைப் பார்த்துவிட்டது. கணக்கேடு பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளியேயாகும்.

இன்னும் ஒன்று. மனிதன் கையை நேரே பதித்து உருவெடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதா? 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் வெள்ளைக்காரர், ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்த ஒப்பந்தத்தின்மேல் அவருடைய உள்ளங்கை முழுவதையும் மையில் பதிய வைத்தார். பின்னால் அந்த மனிதர் சொல் மாறாதிருக்கப் பயமுறுத்தி வைப்பதே நோக்கம். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையமே ஏற்பட்டுவிட்டது. மலாயாவிலோ 1948-ல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அடையாளக் கார்டு பெறவேண்டியதாயிற்று. 2001-ல் வந்த மைகார்டிலும் அதே பெருவிரல் ஒரு சில்லுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்துத் தமிழன் முகத்தையும் விரலையும் இதுகாறும் கேட்டு வாங்கியவர்கள் எல்லோரும் கங்காணி, துரை, சர்க்கார், கடன் கொடுத்தவன் ஆகியோரே. அவனைக் கட்டிவைப்பதற்கென்றே அவற்றை வாங்கினார்கள். அவன் தனக்காகத் தன் கையைப் பதித்துப் பார்த்துக்கொண்டான் என்பதற்கு நம் லயங்களில் ஓர் அத்தாட்சியும் இல்லை. இப்பொழுது அவன் அதைச் செய்தால் மட்டும் யந்திரத்தின் யோக்கியதை கெட்டுப்போகிறதாம்!

இனி விகாரம் என்னும் ஆட்சேபத்துக்கு வருவோம். எது விகாரம் என்று தீர்மானிப்பவர் யார்? மேல்நாட்டில் கலர்ப் பிலிம் கழுவும் கடைகளுக்கு, நிறம் சரியாயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, 'ஷெர்லி கார்டு' என்றொரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தார்கள். அதில் இருந்தவள் வெகுகாலம் வரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே. அவள் தோல் நன்றாய் வந்தால் எல்லாம் நன்றாய் வந்ததாக அர்த்தம். 2018-ல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வியாபார மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடத்தில் பிழை 100-க்கு ஒன்றுகூட இல்லை. கறுத்த பெண்களிடத்திலோ பிழை 100-க்கு 34 வரை போயிற்று. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலோ கேளாமலே முகத்தை வெளுக்கும் வசதி வேறு இருக்கிறது. ஆங்கில வழியில் படித்த நாமும், நம் சொந்த நிறத்தை இரண்டு படி வெளுத்த படத்தையே வெகுநாள் பிறருக்குக் காட்டி வந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஸ்கேனர் மட்டும் பட்சபாதமில்லாததா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குள்ளும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அது வெளிச்சத்தை அளந்துகொள்கிறது. ஆனால் 'தானாகத் திருத்து' என்னும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டால், அதன்பின் அது முகத்தைப் பூசி மெழுகுவதில்லை. தோலில் உள்ளதை ஒவ்வொரு வரியாக அப்படியே எழுதிக்கொண்டு போகிறது. ஏ4 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால், ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும்.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் அனுபவத்தையும் சொல்லிவைப்போம். லென்சும் கண்ணாடியும் உள்ள பழைய மாதிரிப் பெட்டி ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழம்வரை ஓரளவு தெளிவாய்க் காட்டும். மெல்லிய புதிய பெட்டிகளோ கண்ணாடியைத் தொட்ட பாகத்தை மட்டுமே தெளிவாய்க் காட்டும். மூடியைத் திறந்துவைத்தால் பின்புறம் இருளாகிவிடும். கறுத்த முகம் அந்த இருளில் கரைந்துபோகாமலிருக்கத் தலைக்குமேல் ஒரு வெள்ளை வேட்டியை விரிக்கவேண்டும். தலைப் பாரத்தைக் கண்ணாடிமேல் போடலாகாது, உடைந்துவிடும். விளக்கு நகரும் திசையிலேயே முகமும் நகர்ந்தால் உருவம் நீளும், எதிர்த்து நகர்ந்தால் குறுகும். மெள்ளத் திரும்பினால் முன்முகமும் பக்கமுகமும் ஒரே படத்தில் வரும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் கூட்டத்துக்கும் இது உதவாது. அவற்றுக்குக் காமிராவே தகும் என்பதில் நமக்கு விவாதமில்லை. கண் மூடிய முகம் பிணத்தை நினைவூட்டுகிறதென்ற பேச்சிலும் கொஞ்சம் உண்மையுண்டு. அதனாலேயே நாம் முகத்தைவிடக் கைகளையே அதிகமாய் எடுத்து வருகிறோம்.

பிணம் என்ற பேச்சு வந்தபடியால் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். நம் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். நாற்பது வருஷத்துக்குமேல் பால்மரம் வெட்டியவர். கண்ணாடிமேல் கையை வைக்கச் சொன்னபோது, "தம்பி, இந்தக் கையையா படம் புடிக்கப் போறீங்க? மருதாணி வச்ச கைக்குப் போங்க" என்று சிரித்தார். பிறகு வைத்தார். உளி பிடித்த இடத்துக் காய்ப்பு, பால் உறைய ஊற்றும் அமிலம் அரித்த வெடிப்பு, சுண்டுவிரலில் ஒரு பழைய வெட்டு ஆகிய எல்லாம் வந்தன. ஆயுள் ரேகையும் தன ரேகையும் பார்த்துச் சொல்ல ஒரு சோதிடர் ஊருக்கு வந்து போகிறார். அவர் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன சொல்லுவாரோ! அந்தக் கையில் இருந்த கோடுகளில் பாதி பிரமன் எழுதியதல்ல, மரம் எழுதியது.

இரண்டு மாதத்தில் பாட்டி காலமானார். வீட்டில் அவருடைய படமென்று இருந்தது அடையாளக் கார்டில் உள்ள தபால் தலையளவுப் படம் ஒன்றுதான். பட்டணத்துக் கடையொன்றில் அதைப் பெரிதாக்கி, முகத்தை வெளுத்து, அவர் ஆயுளில் உடுத்தியறியாத பட்டுச்சேலையும் போட்டுக் கொடுத்தார்கள். மாலை சாத்தினார்கள். பேத்தி அதைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதினாறாம் நாள் அந்தப் பெண் நம்மிடம் வந்து, பாட்டியின் கைப் படம் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நம்மைக் கண்டித்த கனவான்களை இப்பொழுது ஒன்று கேட்கிறோம். அந்த இரண்டு படங்களில் எது விகாரம்? எது பாட்டி?

இன்று தோட்டங்களில் நம்மவர் தொகை குறைந்துவருகிறது. மரம் வெட்டவும் குலை அறுக்கவும் வெளிநாட்டுத் தொழிலாளரே வருகிறார்கள். நம் பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். உழைத்த தலைமுறையின் கைகள் இன்னும் பத்திருபது வருஷத்தில் இராமற் போகும். அவர்களைப்பற்றிச் செக்ரோல் புத்தகத்தில் பெயரும் சம்பளமும் இருக்கும். அந்தப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள் நம்மைப் போன்ற கிராணிகளாகையால், அதில் என்ன இராது என்பது நமக்குத் தெரியும்.

ஆகையால், பட்டணங்களில் குடியேறியுள்ள வாலிபர்கள் தங்கள் ஆபீசிலோ வீட்டிலோ சும்மா கிடக்கும் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்துவந்து, தங்கள் தாயின் கையை, தகப்பன் கையை, நிறம் மாற்றாமல் படமெடுத்து, அடியில் பெயரும் தோட்டமும் தேதியும் எழுதி வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம். பணச்செலவு ஒன்றுமில்லை. அழகாயில்லையென்று சொல்ல யாராவது வருவார்கள். அவர்கள் கையையும் கண்ணாடிமேல் வைக்கச் சொல்லுங்கள்.