முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துகள் மாதம் தவறாமல் கிடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முற்றிய மார்பகப் புற்றுநோயுடன் வாழும் பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்த சங்கம்,
திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்; திட்ட இயக்குநர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.

பொருள்: நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரைகளும் ஊசிகளும் இடையறாமல் கிடைக்க, கொள்முதலிலும் காப்பீட்டிலும் விநியோகத்திலும் மாற்றம் செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இந்த மனுவை எழுதும் நாங்கள், ‘நான்காம் நிலை’ என்று கேஸ் ஷீட்டில் குறிக்கப்பட்டவர்கள். மார்பில் தொடங்கிய நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்விட்டது. “முழுசா குணமாக்க முடியாதும்மா, ஆனா கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம்” என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் திரும்பினோம். எங்களுக்கு மருந்து என்பது ஆறு மாதத்தில் முடிந்துபோகும் சிகிச்சை இல்லை. ஒரு மருந்து வேலை செய்கிற வரை அது, அது கைவிட்டால் அடுத்தது என்று ஆயுள் உள்ளவரை தொடர்வது. அரசின் கொள்முதலும் காப்பீடும் இதைக் கணக்கில் கொண்டு அமைய வேண்டும் என்பதே நாங்கள் கேட்பது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். மூன்று மாதம் மாத்திரை தவறாமல் கிடைத்தது. இடுப்பு வலி குறைந்து மறுபடியும் தண்ணீர்க் குடம் தூக்கினார். நான்காம் மாதம் “ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். இரண்டு முறை பேருந்து ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர், மிச்சமிருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார். மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புதிய கட்டிகள் தெரிந்தன. மருந்து பலனளிக்கவில்லை என்று எழுதி வேறு மருந்துக்கு மாற்றினார்கள். மருந்து பலனளிக்காமல் போனதா, அவர் கைக்கு வந்து சேராமல் போனதா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அறுவை சிகிச்சையை மையமாக வைத்து யோசிக்கும் பழக்கம் இந்த நோயில் ஓரளவுக்கு மேல் உதவாது. நோய் கண்டுபிடிக்கும்போதே உடலில் பரவியிருந்த 350 பெண்களை வைத்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வு நடத்தியது. 2015இல் வெளியான அதன் முடிவில், மார்பில் அறுவை செய்துகொண்டு கதிர்வீச்சும் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. இந்த நிலையில் ஆயுளைக் கூட்டுவது மருந்துதான். ஒருமுறை அறுவைக்கு ஒருமுறை பணம் என்ற காப்பீட்டுத் தொகுப்பு முறை, மாதாமாதம் மருந்து வேண்டிய எங்களுக்குப் பொருந்தி வராததற்குக் காரணம் இதுவே.

எந்த மருந்து என்பதைச் சொல்வது பயாப்ஸித் துண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் உள்ளனவா, ஹெர்-2 புரதம் மிகுந்துள்ளதா, இவை மூன்றும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகையா என்று அதில் பார்க்கிறார்கள். ஹெர்-2 சோதனையில் ‘2+’ என்று வந்தால் அது ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். அதற்குக் கையிலிருந்து பணம் கட்டச் சொன்னதும் சோதனையையே விட்டுவிட்ட பெண்கள் எங்களுள் உண்டு. சோதனை இல்லாமல் சரியான ஊசி இல்லை. ஆகவே ஏற்பிச் சோதனையும் தேவைப்படுவோருக்கு ஃபிஷ் சோதனையும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வழியாக இலவசமாகச் செய்யப்பட்டு, முடிவு எழுத்தில் நோயாளியின் கையில் தரப்பட வேண்டும்.

இனி விலையைப் பற்றி. எங்கள் உறுப்பினர்களில் அதிகம் பேர் ஹார்மோன் ஏற்பி உள்ள வகையினர். இவர்களுக்கு அடிப்படை மருந்தான லெட்ரோசோல் மலிவானது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அதோடு சினைப்பையின் இயக்கத்தை நிறுத்தும் ஊசியோ அறுவையோ தேவை. இதுவரை பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதோடு சேர்த்துக் கொடுக்கும் சி.டி.கே. 4/6 தடுப்பான் மாத்திரைகளில் இருக்கிறது. புற்றுநோய் உயிரணு இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நொதிகளை இவை தடுக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த மோனலீசா-2 ஆய்வின் ஆயுட்கால முடிவு 2022இல் வெளியானது. லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 51.4 மாதம். ரிபோசிக்லிபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 63.9 மாதம், அதாவது பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள். வித்தியாசம் ஓராண்டுக்குச் சற்று மேல். அந்த ஓராண்டில் எங்களில் ஒருத்தியின் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதுவாள். இன்னொருத்தி பேரப்பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்ப்பாள்.

இந்த மாத்திரையின் விலையை எதிர்த்து 2022இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார் ஒரு பெண். மாதம் 58,140 ரூபாய் ரிபோசிக்லிபுக்கு மட்டும் ஆகிறது என்று அவர் மனுவில் சொல்லியிருந்தார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துபோனார். ஆனாலும் நீதிமன்றம் வழக்கை மூடாமல், பொதுநலன் கருதித் தானே எடுத்து நடத்தியது. அந்த விலையை 12 மாதத்துக்குப் பெருக்கினால் 6,97,680 ரூபாய். நம் காப்பீட்டு அட்டையின் ஆண்டு வரம்போ 5 லட்சம் ரூபாய். அட்டை முழுவதையும் இந்த ஒரு மாத்திரைக்கே கொடுத்தாலும் ஒன்பதாவது மாதத்தில் பணம் தீர்ந்துவிடும். ஆகவே காப்பீட்டுப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது மட்டும் போதாது; மருந்தின் விலை இறங்க வேண்டும்.

விலை இறங்கும் என்பதை இதே வகை மருந்து ஒன்று காட்டியிருக்கிறது. பால்போசிக்லிபின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. உடனே நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் தயாரிக்கத் தொடங்கின. விலை பன்மடங்கு விழுந்தது. லெட்ரோசோலோடு பால்போசிக்லிபையும் சேர்த்தால் அது நோய் முற்றுவதை 14.5 மாதத்திலிருந்து 24.8 மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறது என்று பாலோமா-2 ஆய்வு காட்டியது. ஆயுளையே கூட்டுகிறது என்பது அந்த ஆய்வில் உறுதிப்படவில்லை என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் காப்புரிமைத் தடை நீங்கிய மருந்து, மருத்துவப் பணிகள் கழகத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலையாக இருப்பதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. மொத்தமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டுக்குக் காட்டியதே 1994இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம்தான். தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் உள்ள மருத்துவமனைகளும் 40 மருந்துகளைக் கூட்டாக விலை பேசி வாங்கிப் பெரும் தொகையை மிச்சப்படுத்தியிருக்கின்றன. கழகமும் அந்தக் கூட்டுக் கொள்முதலில் சேர்வதையோ, அதே விலையைப் பேசிப் பெறுவதையோ பரிசீலிக்க வேண்டும்.

காப்புரிமை இன்னும் உள்ள ரிபோசிக்லிபுக்கு வேறு வழி தேவை. காப்புரிமைச் சட்டம் 1970இன் 100ஆம் பிரிவின்படி, அரசின் பயன்பாட்டுக்காக ஒரு கண்டுபிடிப்பைத் தயாரிக்க ஒன்றிய அரசு எவருக்கும் அதிகாரம் அளிக்கலாம். மாநில அரசின் தேவையும், அரசு நிறுவனத்தின் தேவையும் ‘அரசின் பயன்பாடு’ என்பதில் அடங்கும் என்று 99ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்காக இந்த அதிகாரத்தைக் கேட்டு மாநில அரசு எழுதலாம். எழுத வேண்டும் என்று கேட்கிறோம். இதைப் போலவே, காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமல் பிறர் தயாரிக்க வழங்கப்படும் கட்டாய உரிமமும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 2012 மார்ச்சில் சோராஃபெனிப் மருந்துக்கு அது வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880 ரூபாய்க்கு வந்தது. அந்த மருந்து சிறுநீரக, கல்லீரல் புற்றுநோயாளிகளுக்கானது. அவர்களுக்குக் கிடைத்த நியாயம் எங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

ஹெர்-2 மிகுந்த வகையினருக்கான டிராஸ்டுசுமாப் ஊசியைப் பற்றிச் செலவே இல்லாத ஒரு யோசனையைச் சொல்ல விரும்புகிறோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும்போது, முதல் தவணைக்குப் பிறகு அளவு உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 330 மில்லிகிராம். ஆனால் பெரிய குப்பி 440 மில்லிகிராம். ஒருத்திக்கு ஒரு குப்பி என்று திறந்தால் 110 மில்லிகிராம் மிஞ்சுகிறது. அதே எடையுள்ள நான்கு பெண்கள் ஒரே நாளில் வந்தால் மூன்று குப்பியில் நால்வருக்கும் போட்டுவிடலாம், ஒரு சொட்டு வீணாகாது. மாவட்டத்துக்கு ஒரு ‘ஹெர்-2 நாள்’ குறித்து, தொற்று நேராதபடி மருந்து கலக்கும் வசதியோடு இதைச் செய்ய வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் எங்கள் உறுப்பினரின் கணவர், மளிகைக் கடை வைத்திருப்பவர்.

டிராஸ்டுசுமாபோடு பெர்டுசுமாபும் சேர்த்தால் இடைநிலை ஆயுள் 40.8 மாதத்திலிருந்து 57.1 மாதமாகக் கூடியதை கிளியோபாட்ரா ஆய்வு காட்டியது. அடுத்து வந்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி விலக்கப்பட்டும் அது எங்கள் கைக்கு எட்டவில்லை. நுரையீரல் அழற்சி என்ற ஆபத்தும் அதற்கு உண்டு. இத்தகைய மருந்துகள் யாருக்கு, எப்போது என்பதை வருமானம் தீர்மானிக்காமல் இருக்க, மாநில அளவில் ஒரு நிபுணர் குழு அமைத்து, 15 நாளுக்குள் முடிவு சொல்லும் முறை வேண்டும். டிரிப்பிள் நெகட்டிவ் வகையினருக்குப் பேக்லிடாக்செல், கார்போபிளாட்டின், கேபசிடபின் ஆகியவை ஒரு நாளும் இருப்பு இல்லாமல் போகக் கூடாது. அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

மருந்து வாங்கப்பட்டாலும் போதாது, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர வேண்டும். 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஆயுள் முழுக்க மருந்து, பெயர்ப் பதிவு, வராதவரைத் தேடிப் போவது என்ற முறையை இந்த மாநிலம் அப்போதே அறிந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே பெட்டியில் லெட்ரோசோலும் வரலாம். சி.டி.கே. மாத்திரைகளுக்கு முதல் இரண்டு சுற்றில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையும், ரிபோசிக்லிபுக்கு ஈ.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். இவை இரண்டும் மன்னார்குடி, சீர்காழி, வேதாரண்யம் அரசு மருத்துவமனைகளிலேயே செய்யக்கூடியவை. அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போக வேண்டாம்.

மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து மருந்தைக் கணக்கு வைக்கிறது. எங்களுக்கும் ஆளுக்கொரு பாஸ்புக் வேண்டும். அதில் என்ன வகை நோய், எந்த மருந்து, எந்தத் தேதிக்குத் தீரும் என்பது இருக்கட்டும். அந்தப் பாஸ்புக்குகளின் எண்ணிக்கையை வைத்து மாவட்டக் கிடங்கில் இரண்டு மாத இருப்பு எப்போதும் இருக்க வேண்டும். இருப்பு தீர்ந்தால் அதே நாளில் பக்கத்து மாவட்டத்திலிருந்தோ வெளிச்சந்தையிலிருந்தோ வாங்கித் தரும் அதிகாரம் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இருக்க வேண்டும். வேதாரண்யத்துப் பெண்ணிடம் அப்படி ஒரு பாஸ்புக் இருந்திருந்தால், அவர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டது யாருக்காவது தெரிந்திருக்கும்.

எலும்புக்குப் பரவியவர்களுக்குப் போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியை நான்கு வாரத்துக்குப் பதில் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் பலன் குறையவில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு நிறுவியது. பொருந்துவோருக்கு அதைக் கடைப்பிடித்தால் எங்கள் அலைச்சலும் அரசின் செலவும் குறையும். வலியைத் தணிக்கும் மார்ஃபின் பற்றியும் ஒரு வார்த்தை. அது எளிதாகக் கிடைக்கும்படி போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகும் இந்த மாத்திரைக்காக மாவட்டம் தாண்டிப் போகிறோம். வலி தாலுகா எல்லையைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரையும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும் வேண்டும்.

இவற்றில் முதலில் செய்யக்கூடியவை ஃபிஷ் சோதனையும், பால்போசிக்லிப் கொள்முதலும், ஹெர்-2 நாளும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இந்த நிதியாண்டுக்குள் ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம். 100ஆம் பிரிவின் கீழ் ஒன்றிய அரசுக்கு எழுதும் கடிதத்தின் நகலை எங்களுக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நேரில் விளக்கிச் சொல்ல எங்களில் ஐந்து பேருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அவர்களில் மூவருக்கு வியாழக்கிழமை கீமோ நாள். அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியாது. திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை பிற்பகல் என்றால், முந்தின இரவு மன்னை எக்ஸ்பிரஸில் கிளம்பி வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவரும் செயலாளரும் உறுப்பினர்களும்.

இடம்: மன்னார்குடி