பெட்டியைப் பிரிச்சா போதுமா?

பிளாஸ்டிக் மாடல் கிட் விமர்சனம்னு தேடிப் படிங்க மக்களே, நிறைய ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அட்டைப்படம் பிரமாதம், நாலு ஃப்ரேம், ஒரு டீக்கால் ஷீட், பேனல் கோடெல்லாம் நச்சுன்னு இருக்கு, கண்டிப்பா வாங்கலாம். முடிஞ்சது விமர்சனம்! ஒரு துண்டை இன்னொரு துண்டோட ஒட்டிப் பார்த்திருக்க மாட்டார். மெனு கார்டைப் படிச்சுட்டு சாப்பாடு சூப்பர்னு சொல்ற கதைதான்.

பெட்டியைப் பிரிச்சுப் பார்க்கறதே வீண்னு சொல்ல வரலை. ஸ்கேலும் கையுமா உட்கார்ந்தா அதுலயும் விஷயம் இருக்கு. ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தோட நிஜ இறக்கை நீளம் 11.23 மீட்டர். 1/72 அளவு கிட்ல அது 156 மி.மீ. வரணும். 1 மி.மீ. பிசகினா நிஜத்துல 7.2 செ.மீ. பிசகு. செக் நாட்டு எடுவார்ட் கம்பெனி 2014ல 1/48 அளவுல மெசர்ஷ்மிட் 109ஜி-6 கொண்டு வந்தப்ப, இது அளவை விடப் பெரிசா இருக்கேன்னு ஆர்வலர்கள் பிடிச்சுட்டாங்க. கம்பெனியும் 2016ல புது அச்சுல அதைச் சரிபண்ணி வெளியிட்டாங்க. அளந்து பார்த்துக் குறை சொல்றதுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கு. ஆனா "அருமை, அற்புதம்"னு எழுதறவங்க எத்தனை பேர் ஸ்கேலை எடுக்கறாங்க?

அளவு சரியா இருந்தா மட்டும் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதே! காக்பிட்டை உள்ள வச்சப்புறம் உடம்போட ரெண்டு பாதியும் மூடுதா? இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல இடைவெளி எவ்வளவு, எத்தனை தடவை புட்டி போட்டுத் தேய்க்கணும்? பழைய கிட்கள்ல பேனல் கோடு புடைச்சுக்கிட்டு இருக்கும். இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கோடும் சேர்ந்து காணாமப் போயிடும். பி-39 ஐராகோப்ரா மாதிரி மூக்குச் சக்கரம் உள்ள விமானம்னா, மூக்குக்குள்ள எடை வைக்காட்டி வாலை ஊன்றி உட்கார்ந்துக்கும். எத்தனை கிராம் வேணும், அதுக்கு உள்ள இடம் இருக்கா? டாங்கி கிட்ல தனித்தனிக் கண்ணியா கோக்கற செயின் சக்கரத்தைச் சுத்தி ஒழுங்கா வந்து சேருதா? இதெல்லாம் பசை தொட்டவனுக்குத்தான் தெரியும்.

இதுல நஷ்டம் யாருக்குங்கறதுதான் என் கவலை. அலமாரி நிறைய கிட் அடுக்கி வச்சிருக்கற பெருசுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பொருந்தாத கிட் கிடைச்சா நாலு திட்டு திட்டிட்டு, தேய்ச்சு வழிக்குக் கொண்டு வந்துடுவாங்க. ஆனா பாக்கெட் மணியைச் சேர்த்து முதல் கிட் வாங்கற பையனோ பொண்ணோ? விமர்சனத்தை நம்பி வாங்கி, ரெண்டு பாதியும் சேராம கோணிக்கிட்டு நின்னா, "கிட் மோசம்"னு அதுங்களுக்குத் தோணாது. "எனக்கு இது வராது"ன்னுதான் தோணும். அத்தோட பெட்டி பரண் மேல ஏறிடும். ஒரு நல்ல பொழுதுபோக்குல இருந்து ஒரு ஆள் குறைஞ்சாச்சு.

கம்பெனி ஓசியில அனுப்பின கிட்னா அதை முதல் வரியிலயே சொல்லிடணும். ஓசின்னாலே பொய்னு அர்த்தம் இல்லை. ஆனா காசு கொடுத்து வாங்கப் போறவனுக்கு அது தெரியணும் இல்லையா?

பெருசா ஒண்ணும் கேட்கலை சாமி. பெயின்ட் அடிச்சு, டீக்கால் ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சப்புறம்தான் எழுதணும்னு இல்லை. உடம்பு, இறக்கை, வால் மூணையும் டேப் போட்டு ஒட்டிப் பாருங்க. ஒரு சாயங்காலம் போதும். எங்க இடிக்குது, புதுசா வர்றவங்களால சமாளிக்க முடியுமான்னு ரெண்டு வரி எழுதுங்க. அதுவும் முடியாதுன்னா "பெட்டியை மட்டும்தான் பார்த்தேன்"னு தலைப்புலயே போட்டுடுங்க, புண்ணியமாப் போகும் :-)