வயிற்று வலிதானே என்று விடலாமா?

பிள்ளைக்குக் காய்ச்சல். கூடவே வயிற்று வலி, வாந்தி, பேதி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் நாம் என்ன செய்கிறோம்? "கண்டதைத் தின்னிருப்பான்" என்று சொல்லி, மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கி ஊற்றுகிறோம். ஷிப்டை விட்டால் சம்பளம் போச்சே என்ற கவலை வேறு!

பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். ஆனால் 2020-ல் கொரோனா வேறு பாடம் சொன்னது. தொற்று வந்து போன 2 முதல் 6 வாரத்துக்குள் சில பிள்ளைகளுக்கு உடம்பு முழுதும் அழற்சி கிளம்பியது. பலருக்கு முதலில் தெரிந்தது வயிற்றுக் கோளாறுதான். குடல்வால் வீக்கமோ என்று டாக்டர்களே சந்தேகித்தார்கள். உள்ளே அடிபட்டதோ இருதயம்!

அந்த ஆண்டு சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இப்படிச் சேர்ந்த 8 வயதுச் சிறுவன், தக்க சிகிச்சையால் பிழைத்தான்.

இப்போது இந்த நோய் அபூர்வம். அதனாலேயே மறந்துவிடக் கூடாது. காய்ச்சல் 3 நாள் நீடித்தாலோ, கண் சிவந்து, தோல் தடித்து, பிள்ளை துவண்டாலோ, கடைக்காரர் சிரப்பை எடுக்காமல் "டாக்டரிடம் போங்க" என்று சொல்ல வேண்டும். பெற்றோரும் "போன மாதம் ஜுரம், இருமல் வந்தது" என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சென்ட்ரலுக்கு ரெயில் ஏறினால், எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டுமே!