பூனை இருக்கிற வீட்டில் கோழி தங்காதா?

உறையூருக்குக் கோழியூர் என்றும் பெயர். கோழி ஒன்று யானையை எதிர்த்து விரட்டிய மண் என்பது அந்த ஊரின் பழங்கதை. அங்கேயும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் தீவின் மேலூர், கொள்ளிடக்கரைப் பக்கத்திலும், கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் ஒரு பேச்சு வேரூன்றி நிற்கிறது: “பூனை இருக்கிற வீட்டில் கோழி தங்காது.” இதை நம்பித்தான் பூனையைச் சாக்கில் கட்டி, பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்தப் பேச்சில் கால்பங்குதான் உண்மை.

“பூனை கோழியை அடிக்கும்” என்கிறார்கள். எந்தக் கோழியை? அன்று பொரித்த குஞ்சு 30, 35 கிராம் இருக்கும். சுண்டெலியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அதைப் பூனை தூக்கும், மறுக்கவில்லை. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழியிடம் வீட்டுப்பூனை பொதுவாக மோதாது. குஞ்சுகளோடு மேயும் தாய்க்கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்து, இறக்கையைத் தரையோடு விரித்து, கேறிக்கொண்டு பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கில் ஒரு கொத்து வாங்கிய பூனை அப்புறம் சுவரோரமாகத்தான் போகும். ஆபத்தெல்லாம் முதல் இரண்டு மாதத்துக்குத்தான்.

அடுத்த குற்றச்சாட்டு, காணாமல் போன குஞ்சையெல்லாம் பூனைதான் கொண்டுபோனது என்பது. வாழைத்தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இந்தத் தீவில் கீரிப்பிள்ளைக்குப் பஞ்சமா? கூட்டுக்குள் ஒரே நேரத்தில் பல கோழிகள் கழுத்திலும் தலையிலும் கடிபட்டுக் கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கீரியை. கூட்டுக்கு அடியில் மண் பறித்திருந்தால் பெருச்சாளி. பட்டப்பகலில் தடயமே இல்லாமல் குஞ்சு போனால் காக்கையோ வல்லூறோ. முட்டை முழுசாக மறைந்தால் பாம்பு. இவற்றையெல்லாம் பார்க்காமல், திண்ணையில் படுத்திருக்கிற பூனைமேல் பழி போடுவது அநியாயம். கொல்லைக் கோழியைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். அதற்குக் குஞ்சின் 7ஆம் நாளில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் பூனையைப் பிடிக்கச் சாக்கு தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

“பட்டினி போட்டால் எலி பிடிக்கும்; மணி கட்டினால் குஞ்சு தப்பும்” என்பதும் தவறு. பசித்த பூனைக்கு எலி வேறு, குஞ்சு வேறு என்று தெரியாது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனம் தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5, 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதிலேயே 25 சதவீதம் குறைந்தது. மணியால் குறிப்பிடும்படி பலன் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பாலும் தயிர்சாதமும் மட்டும் வைத்துப் பூனை வளர்க்கும் வீடுகள் உண்டு. அன்பாகத்தான் வைக்கிறார்கள், ஆனால் பூனையின் உடம்புக்கு மாமிசம் வேண்டும். வீட்டில் சமைக்க முடியாதென்றால் கடையில் விற்கும் பூனைத் தீவனமாவது வாங்கிப் போடலாம். அசைவ வீட்டிலும் பச்சைக் கோழிக்கழிவைப் போடாதீர்கள். பறவைக்காய்ச்சல் பூனைக்கும் தொற்றும். வேகவைத்துப் போடுங்கள்.

பாலம் தாண்டி விடுவதுதான் எனக்குப் பொறுக்காத காரியம். பழக்கமில்லாத இடத்தில் நாய்க்கும் பசிக்கும் நடுவே வீட்டுப்பூனையை விடுவது அதைச் சாக விடுவதுதான். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பட்டினியால் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. கோழிக்கும் இதனால் லாபமில்லை. எலியும் மிச்சத் தீனியும் இருக்கிற கொல்லைக்கு இன்னொரு பூனை வந்து சேரும். தாய்க்கோழியிடம் கொத்து வாங்கி ஒதுங்கக் கற்றுக்கொண்ட பூனை போய், ஒன்றும் அறியாத பூனை வரும்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். இடுக்கு அகலமாக இருந்தால் பூனை கைவிட்டு இழுக்கும், சுற்றி வலை கட்டுங்கள். கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போட்டு, அடியைச் சிமெண்டால் பூசுங்கள். பொழுது சாயும்போதும் விடியும்போதும் பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். அதன் வேட்டை நேரம் அது. குஞ்சு பொரித்த இரண்டு மாதம் இதைச் செய்யுங்கள். சாக்கை மட்டும் எடுக்காதீர்கள்.